உங்களுக்குக் 'கொழுப்பு' அதிகமா?

"உனக்குக் கொழுப்பு அதிகம்!"

இப்படி யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும். "யாரைப் பார்த்து என்ன சொன்னாய்?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போவோம்.

ஆனால், புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குக் காலை 6 மணிக்குப் போய்ப் பாருங்கள். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7-30 மணி வரை அந்தச் சாலையில் வண்டிகள் போகக்கூடாது. நடப்பவர்களுக்கே சாலை சொந்தம். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை பெரிய மனிதர்கள் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள்.

"ஐயா, உங்களுக்குக் கொழுப்பு எவ்வளவு?"

"போன மாதம் 240. இப்போ 210-க்கு வந்திருக்கு. உங்களுக்கு?"

"எனக்கு அது பரவாயில்லை. இன்னொன்று இருக்கே, டிரைகிளிசரைடு, அதுதான் 300-ஐ விட்டு இறங்க மாட்டேங்குது."

கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒரு வித்தியாசம். இந்தப் பரீட்சையில் மார்க் அதிகம் வாங்கினால் ஆபத்து!

100-க்கு 81 பேர்

இரத்தத்தில் கொழுப்பு என்பது பணக்காரர்களின் வியாதி என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். நெய்யும் பாலும் தின்று, கார் ஏறிப் போகிறவர்களுக்கு வருவது என்று பேசுவார்கள். அது பழைய கதை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு, சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தியது. 2008-ல் தொடங்கி 2020 வரை 12 ஆண்டுகள் அது நடந்தது. ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். பட்டணம், பட்டிக்காடு எதையும் விடவில்லை. மொத்தம் 1,13,043 பேரைப் பார்த்தார்கள். இடுப்பை அளந்தார்கள். எடை பார்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இரத்தத்தில் உள்ள கொழுப்பையும் அளந்தார்கள். 2023-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று.

100 பேரில் 81 பேருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது!

81 பேரும் நோயாளிகளா என்று பயந்துவிட வேண்டாம். இரத்தக் கொழுப்பு என்பது ஒன்று அல்ல, பல. அதில் எது கூடினாலும், எது குறைந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 100-க்கு 24 பேர். கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 21 பேர். டிரைகிளிசரைடு கூடியிருந்தவர்கள் 32 பேர். நல்ல கொலஸ்ட்ரால் குறைந்திருந்தவர்கள்தான் அதிகம். 67 பேர்!

கொலஸ்ட்ராலில் முதலிடம் கேரளத்துக்கு. அங்கே 100-க்கு 50 பேர்.

சரி, நம் புதுச்சேரி எங்கே இருக்கிறது? பெருமைப்பட முடியாத இரண்டு முதல் பரிசுகளை நம் ஊர் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது. உடல் பருமனில் இந்தியாவிலேயே முதலிடம். 100-க்கு 53 பேர். தொப்பையிலும் முதலிடம். 100-க்கு 61 பேர். சர்க்கரை வியாதியில் மட்டும் மயிரிழையில் முதலிடம் தவறிவிட்டது. கோவாவில் 26.4, நமக்கு 26.3! பருமன், தொப்பை, சர்க்கரை ஆகிய இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் இரத்தக் கொழுப்பும் கோளாறாகவே இருக்கும். நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

பெயர் வைத்தவர் பிரஞ்சுக்காரர்

கொலஸ்ட்ரால் என்ற பெயரே பிரஞ்சு தேசத்திலிருந்து வந்ததுதான். செவ்ரோல் என்ற பிரஞ்சு விஞ்ஞானி, மனிதனின் பித்தப்பையில் உண்டாகும் கற்களை ஆராய்ந்தார். அதில் மெழுகு போன்ற ஒரு பொருள் இருந்தது. 1815-ல் அதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் பித்தத்துக்கு ஒரு சொல், கெட்டியான பொருளுக்கு ஒரு சொல், இரண்டையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. கொழுப்பை ஆராய்ந்த அந்த மனிதர் எத்தனை வயது வாழ்ந்தார் தெரியுமா? 102!

கொலஸ்ட்ரால் விஷமா? இல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் நாம் இல்லை. உடம்பில் உள்ள ஒவ்வொரு அணுவின் சுவரிலும் அது இருக்கிறது. ஆணை ஆணாகவும் பெண்ணைப் பெண்ணாகவும் ஆக்கும் சுரப்புநீர்கள் அதிலிருந்துதான் உண்டாகின்றன. நாம் ஒரு சொட்டு நெய் தொடாவிட்டாலும் நம்முடைய ஈரலே கொலஸ்ட்ராலைத் தயாரித்துவிடும். உடம்பில் இருப்பதில் பெரும் பங்கு அப்படி வந்ததுதான்.

"நான் சுத்த சைவம். முட்டையைக்கூடத் தொட்டதில்லை. எனக்கு எப்படிக் கொழுப்பு வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் இதுதான். தொழிற்சாலை உள்ளேயே இருக்கிறது, ஐயா!

கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே, கொழுப்பை ஏற்றிக்கொண்டு போக உடம்பு வண்டிகளை வைத்திருக்கிறது. எல்.டி.எல். என்பது ஈரலிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போகும் வண்டி. எச்.டி.எல். என்பது மிச்சத்தை அள்ளிக்கொண்டு ஈரலுக்குத் திரும்பும் வண்டி, நகராட்சியின் குப்பை வண்டி மாதிரி. சரக்கு வண்டிகள் அளவுக்கு மீறிப் பெருகினால் வழியெல்லாம் சரக்கு சிந்தும். அதனால்தான் எல்.டி.எல். கெட்டது என்றும், எச்.டி.எல். நல்லது என்றும் பெயர் வாங்கிவிட்டன. டிரைகிளிசரைடு என்பது வேறு. நாம் தின்று செலவழியாத மாவும் சர்க்கரையும் சாராயமும் கொழுப்பாக மாறி இரத்தத்தில் ஓடுவதுதான் அது.

சிந்திய சரக்கு எங்கே போகும்? நம் ஊரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலைப் பாருங்கள். சேறு ஒரு நாளில் சேருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. இரத்தக் குழாயின் சுவருக்குள்ளும் கொழுப்பு இப்படித்தான் வருஷக்கணக்கில் படிகிறது. வலி கிடையாது. காய்ச்சல் கிடையாது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கும். அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். இருதயத்துக்குப் போகும் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதம். வாய்க்காலைத் தூர்வார ஆட்கள் வருவார்கள். இதற்கு யார் வருவார்கள்?

முத்தியால்பேட்டையில் ஒரு வீடு

முத்தியால்பேட்டையில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்றார்கள். குடும்பத் தலைவருக்கு 44 வயது. ஜவுளிக்கடையில் விற்பனையாளர். ஆள் ஒல்லி. தொப்பை என்பதே கிடையாது. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை. "எனக்கு என்ன வியாதி வரும்?" என்று அடிக்கடி சொல்வாராம். தினம் நான்கைந்து சிகரெட். அவ்வளவுதான்.

போன வருஷம் பங்குனி மாதத்தில் ஓர் இரவு. சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் பாரம். இடது தோளில் குடைச்சல். சட்டை நனையும்படி வேர்வை.

அவருடைய மனைவி சொன்னார்:

"வாயுன்னு நினைச்சேங்க. சோடா வாங்கிட்டு வரச் சொல்லிக் கொடுத்தேன். சீரகத் தண்ணி வெச்சுக் கொடுத்தேன். 'கொஞ்சம் படுத்தா சரியாயிடும்'னு அவரும் சொன்னாரு. இப்படியே ரெண்டு மணி நேரம் போயிடுச்சு. பெரியவன்தான், 'அம்மா, அப்பா முகத்தைப் பாரு, எழுந்திரு போகலாம்'னு சத்தம் போட்டான்."

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு! அடைத்திருந்த குழாயில் ஒரு சின்னக் கம்பிவலைச் சுருளை வைத்து டாக்டர்கள் வழி திறந்தார்கள். பிழைத்துக்கொண்டார். இரத்தத்தைச் சோதித்தபோது எல்.டி.எல். 230. அது 100-க்குள் இருக்க வேண்டும்.

பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் அப்பா எத்தனை வயதில் காலமானார்?"

"49."

"எப்படி?"

"மார்படைச்சு... வயலில் விழுந்துட்டாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்" என்றார்.

பெரிய பையனுக்கு 19 வயது. கல்லூரியில் படிக்கிறான். கபடி ஆடுகிறான். பார்த்தால் கண்பட்டுவிடும் போன்ற தேகம். அவனுடைய எல்.டி.எல். 215!

கதவு குறைந்த வீடு

இது சாப்பாட்டினால் வந்தது அல்ல. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்று இரத்தத்தோடு வந்த சொத்து. பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்று சொல்கிறார்கள். உலகத்தில் சுமார் 300 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதன் இரகசியத்தைக் கண்டுபிடித்தவர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள். அதற்காக 1985-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஈரலின் அணுக்களில் கதவுகள் மாதிரி சில இருக்கின்றன. இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை அவைதான் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கதவுகளில் பாதி வேலை செய்யாது. உள்ளே போக முடியாத எல்.டி.எல். பிறந்த நாளிலிருந்தே இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சிலருக்குக் கண் இமைமேல் மஞ்சள் திட்டு தோன்றும். குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு தடித்திருக்கும். பலருக்கு எந்த அடையாளமும் தெரியாது.

பையனுக்குத் தினம் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். "எத்தனை நாளைக்கு?" என்று தாய் கேட்டார். "வாழ்நாள் முழுவதும்" என்றார் டாக்டர்.

அந்தத் தாய் அந்தச் சீட்டை இரண்டு மாதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். மாத்திரை வாங்கவில்லை.

"நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைங்க. 19 வயசுல மாத்திரை திங்கிறான்னு தெரிஞ்சா யாருங்க பொண்ணு கொடுப்பாங்க?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லார் வீட்டிலும் நடப்பது

பரம்பரைக் கோளாறு 300-ல் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் எப்படி 81 பேர் ஆனார்கள்? அதற்குச் சமையல் அறையையும் சாலையையும் பார்க்க வேண்டும்.

முதல் குற்றவாளியை நாம் சந்தேகப்படுவதே இல்லை. அது சோறு! இந்தியர்கள் உண்ணும் ஆகாரத்தின் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே கணக்கெடுப்புக்காரர்கள் 2025-ல் வெளியிட்டிருக்கிறார்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை அல்லது பரோட்டா, நடுவில் நாலு டம்ளர் சர்க்கரை போட்ட டீ. எல்லாம் ஒரே ஜாதி, மாவு! வயலில் ஏர் பிடித்தவனுக்கு அது எரிந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எரியாது. எரியாத மாவு டிரைகிளிசரைடாக மாறும். டிரைகிளிசரைடு ஏறினால் நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். வெள்ளைக்காரர்களுக்கு எல்.டி.எல். கூடுவதுதான் பெரிய தொல்லை. நமக்கோ எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு அதிகம் என்ற இந்த ஜோடிதான் பெரிய தொல்லையாக இருக்கிறது.

இந்த ஊரில் ஒரு காலத்தில் மில் சங்கு ஊதினால் சாலை முழுவதும் சைக்கிள்கள்தான். 2020-ல் ஏ.எப்.டி. மில்லும் மூடப்பட்டுவிட்டது. இன்று தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போவதற்கும் ஸ்கூட்டர் வேண்டியிருக்கிறது. கால்கள் ஓய்வெடுக்க ஆரம்பித்தபோது, அவற்றுக்குப் பதிலாக வயிறு வளர ஆரம்பித்தது.

அடுத்தது எண்ணெய். டால்டா என்ற வனஸ்பதி 1937-ல் நம் நாட்டுக்கு வந்தது. எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி நெய் மாதிரிக் கட்டியாக்குவார்கள். அந்தத் தகர டப்பாவை வீடுகளில் தண்ணீர் மொள்ளவும், துளசிச் செடி வைக்கவும்கூடப் பயன்படுத்தினார்கள்! இப்படிக் கட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு என்ற ஒன்று உண்டாகிறது. கெட்டதைக் கூட்டி நல்லதைக் குறைக்கும் இரட்டைப் பாவி அது. 2022 ஜனவரி முதல், எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது 100-க்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சட்டம் போட்டிருக்கிறது. ஆனால், ஒரே எண்ணெயைக் காலையிலிருந்து இரவு வரை காய்ச்சிக் காய்ச்சிப் பஜ்ஜி போட்டால் என்ன ஆகும்? சட்டப் புத்தகம் வாணலிக்குப் பக்கத்தில் நின்று காவல் காக்க முடியுமா?

கடைகளில் எண்ணெய்ப் பாக்கெட்டின்மேல் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். செடி கொடிகளிலிருந்து எடுக்கும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது! உப்பு மூட்டையில் "இதில் இனிப்பு இல்லை" என்று எழுதுவது போலத்தான். தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால், அதில் உள்ள கெட்டிக் கொழுப்பு ஈரலைத் தூண்டி எல்.டி.எல்.லைக் கூட்டுகிறது. நெய்யும் வெண்ணெயும் பாமாயிலும் அப்படியே. எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பது முக்கியம். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் என் வீட்டுக் கணக்கைப் போட்டேன். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இந்த ஊருக்கு வெளியூர்க்காரர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மது டிரைகிளிசரைடை நேராக ஏற்றிவிடும். 500-ஐத் தாண்டினால் வயிற்றில் உள்ள கணையம் வீங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. புகைப்பதோ நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவரையும் புண்ணாக்குகிறது.

தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாதவிலக்கு நிற்கும் வரை பெண்களுக்கு இயற்கை ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. நின்ற பிறகு எல்.டி.எல். மளமளவென்று ஏறும். தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் ஏறும். இது போதாதென்று நம் தாய்மார்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சம், சட்டியில் நின்றுபோன கைப்பிடிச் சோறு, நேற்றைய குழம்பு எதையும் கொட்ட மனம் வராமல் தாமே சாப்பிட்டுவிடுவார்கள். கேட்டால், "நான் ஒண்ணும் சாப்பிடறதே இல்லை, உடம்பு ஏன் பெருக்குதோ தெரியல" என்பார்கள்!

சைகோனிலும் இதே கதை

புதுச்சேரியில் சைகோன் என்ற பெயர் தெரியாத பழைய குடும்பம் இல்லை. பிரஞ்சு ஆட்சியில் இங்கிருந்து எத்தனையோ பேர் கப்பல் ஏறி இந்தோசீனாவுக்குப் போனார்கள். சர்க்கார் வேலை, பட்டாளம், போலீஸ் என்று அங்கே வாழ்ந்தார்கள். சிலர் வியட்நாம் பெண்களை மணந்துகொண்டார்கள். பிறகு ஊர் திரும்பினார்கள். அந்த வீடுகளின் சமையல் அறையில் இன்றும் மீன் சாற்று வாசனை அடிக்கும். பண்டிகை நாளில் 'நெம்' சுருட்டுவார்கள்.

வியட்நாமியரின் பழைய சாப்பாட்டைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு பெரிய கிண்ணத்தில் தெளிந்த சாறு, அதில் சேமியா போன்ற அரிசி நூல், மேலே ஒரு கூடைப் பச்சைத் தழை, கொஞ்சம் மீன் அல்லது இறைச்சி. எண்ணெய் மிகக் குறைவு. ஆட்களும் ஒடிசலானவர்கள். அவர்களுக்கு எங்கே கொழுப்பு வரப்போகிறது என்று நினைப்போம்.

ஆனால், 2015-ல் வியட்நாமில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் எடுத்த கணக்கில், பத்துப் பேரில் மூன்று பேருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190-க்கு மேல் இருந்தது அல்லது அதற்காக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். (நம் நாட்டுக் கணக்கில் 200-க்கு மேல் இருந்தால்தான் சேர்த்தார்கள். ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.) அங்கேயும் சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. வயல் போய்த் தொழிற்சாலையும் ஆபீசும் வந்துவிட்டன. பொரித்த பண்டமும் பீரும் பெருகிவிட்டன. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கதைதான்.

52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2004-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அதை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப். உலகம் முழுவதும் மாரடைப்புக்கு முதல் காரணங்களாக இரத்தக் கொழுப்பும் புகைப்பதும் நின்றன. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை போன்ற நம் பகுதி மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 வயதில். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு என்று நிற்கிற நேரத்தில் நம்மை வந்து பிடிக்கிறது.

ஒரு ஊசிக்குத்து

இவ்வளவையும் எழுதப் போகிறவன் தன் இரத்தத்தைப் பார்க்காமல் எழுதலாமா? நானும் போனேன். கையில் ஒரு ஊசிக்குத்து. ஐந்து நிமிஷ வேலை. முன்பெல்லாம் 12 மணி நேரம் பட்டினி கிடந்து வரச் சொல்வார்கள். இந்திய இருதய மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிமுறையில், முதல் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். டிரைகிளிசரைடு மிகவும் அதிகமாக இருந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் பார்ப்பார்கள். 18 வயது ஆனதும் எல்லோரும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும், குடும்பத்தில் சிறு வயது மாரடைப்பு இருந்தால் அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

சீட்டைக் கையில் வாங்கியதும் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். எல்.டி.எல். என்ற வரியைத் தேடுங்கள். சாதாரண மனிதருக்கு அது 100-க்குள் இருக்க வேண்டும். சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவருக்கு 70-க்குள். ஏற்கனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 55-க்குள். டிரைகிளிசரைடு 150-க்குள். எச்.டி.எல். ஆணுக்கு 40-க்கு மேல், பெண்ணுக்கு 50-க்கு மேல். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்கு 110 இருந்து டாக்டர் சும்மா விட்டார், எனக்கு 90 இருக்கும்போது மாத்திரை கொடுக்கிறாரே என்று டாக்டரிடம் சண்டை போட வேண்டாம். ஆளுக்கு ஆள் எல்லை வேறு.

சீட்டு வாங்குவதற்கு முன்பே வீட்டில் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. தையல்காரரின் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் டேப் பொய் சொல்லாது.

என் கணக்கில் எல்.டி.எல். 128. டிரைகிளிசரைடு 190. டாக்டர் மாத்திரை தரவில்லை. "தினம் அரை மணி வேகமாக நட. இரவுப் பரோட்டாவை விடு. சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் சுண்டலையும் இரண்டு பங்காக்கு. மத்தி மீன் சாப்பிடு, குழம்பு வைத்துச் சாப்பிடு, பொரிக்காதே. மூன்று மாதம் கழித்து வா" என்றார். முட்டையைப் பற்றிக் கேட்டேன். பெரும்பாலோருக்குத் தினம் ஒரு முட்டை கெடுதல் இல்லை என்றார். சர்க்கரை உள்ளவர்களும் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களும் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம்.

பூஞ்சையில் கிடைத்த மருந்து

உணவும் நடையும் போதாதவர்களுக்குத்தான் மாத்திரை. அந்த மருந்தின் பிறப்பே ஒரு கதை. அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஈரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருள் பூஞ்சைகளில் இருக்கலாம் என்று நம்பினார். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். கடைசியில் 1973-ல், கியோட்டோ நகரில் ஓர் அரிசிக் கடையில் எடுத்த அரிசியில் பூத்திருந்த நீலப் பச்சைப் பூஞ்சையில் அது கிடைத்தது! ஸ்டாட்டின் மருந்துகளின் வம்சம் அதிலிருந்து வந்தது. கோடிக்கணக்கானவர்கள் இன்று சாப்பிடுகிறார்கள். எண்டோ 2024-ல் தம் 90-வது வயதில் காலமானார்.

இந்த மருந்தைப் பற்றி ஊரில் உலவும் வதந்திகளுக்குக் கணக்கே இல்லை. ஈரல் போய்விடும், ஞாபகம் போய்விடும், ஆண்மை போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். சிலருக்குச் சதை வலி வருவது உண்மை. அப்போது டாக்டர் மருந்தை மாற்றுவார், அளவைக் குறைப்பார். கர்ப்பிணிப் பெண்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. ஆனால், மாத்திரை சாப்பிட்டு எண் இறங்கியதும், "சரியாகிவிட்டது" என்று தாமே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். குடை பிடித்ததால் நனையவில்லை. மழை இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. குடையை மடக்கினால்?

முத்தியால்பேட்டைத் தாயிடம் இதையெல்லாம் டாக்டரே உட்காரவைத்துச் சொன்னாராம். சீட்டில் எழுதாமல் வாயால் சொன்னார். "உங்கள் மாமனாருக்கு இந்த மாத்திரை அன்று இல்லை. உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இவனுக்குத் தெரியும், மாத்திரையும் இருக்கிறது" என்றார். தாய் அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போனார்.

நான் போனபோது அந்த மாத்திரைப் பட்டை சாமி படத்துக்குப் பக்கத்திலேயே, விபூதித் தட்டின்மேல் இருந்தது. இரவு சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார். பையன் கபடியை விடவில்லை. விடவேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நான்கு மாதத்தில் அவனுடைய எல்.டி.எல். 215-லிருந்து 112-க்கு இறங்கியிருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் இறங்கணுமாம்" என்றார் தாய். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே இளைய மகன் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு 12 வயது.

"இவனை வர்ற வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறோம்" என்றார்.